போடப் போட இளகும்

எங்கள் வீட்டில் சப்பாத்து வாங்குவதற்கு இரண்டே விதிகள்தான். வளரும் பிள்ளைக்கு இரண்டு சைஸ் பெரிசு. வளர்ந்த பிள்ளைக்குக் கடையில் மிஞ்சிக் கிடப்பது. பெரிசென்றால் நுனியில் பஞ்சு அடைத்துத் தருவார் அம்மா. சிறிசென்றால் "போடப் போட இளகும்" என்பார். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரம்கூட எண்ணித்தான். வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து கடைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் யாரும் காலை அளந்துகொண்டு நிற்பதில்லை. முதலில் வாங்கிவிடுவது, பிறகு காலைப் பார்ப்பது. அப்படி வாங்கிய ஒரு சோடியைப் போட்டுக்கொண்டு ஒரு வருடம் முழுக்கப் பள்ளிக்கூடம் போனேன். சப்பாத்து இளகியதா, கால்தான் பழகியதா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

நாற்பது வயதில், ரொறன்ரோவிலிருந்து மச்சாள் அனுப்பிய சைக்கிள் சப்பாத்துக்குள் காலை நுழைத்தபோது அதே வாக்கியம்தான் வாயில் வந்தது. அம்மா சொல்லவில்லை. நானே சொன்னேன்.

சைக்கிள் எனக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் யாருக்குத்தான் புதிது? ஆனால் சைக்கிளுக்கென்று தனிச் சப்பாத்து உண்டு என்பது 2022 வரைக்கும் தெரியாது. அந்த வருடம் பெற்றோல் வரிசையில் மூன்று நாள் காத்திருந்துவிட்டு, கொட்டிலில் கிடந்த லுமாலா சைக்கிளைத் துடைத்து எடுத்தேன். வேலைக்குப் போய்வரத்தான் எடுத்தது. பிறகு வரிசைகள் குறைந்தன, மோட்டார் சைக்கிள்கள் திரும்பி வந்தன, நான் மட்டும் திரும்பவில்லை. அடுத்த வருடம் ஜப்பானிலிருந்து இறக்கிய ஒரு பழைய றேஸ் சைக்கிளை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் விடிய 5 மணிக்கு ஆறேழு பேராகப் புறப்படுவோம். அதில் பெண்கள் இரண்டு பேர். மற்றவள் என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். அவளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

குறிகாட்டுவான் போகும் வழியில்

சைக்கிள் சப்பாத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் அடி வளையாது. நைலோனிலோ காபனிலோ செய்த பலகை. அந்தப் பலகையில் ஒரு கட்டையைத் திருகாணியால் பூட்டுவார்கள். கிளீற் என்பார்கள். அது பெடலுக்குள் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழரும். பனிச்சறுக்குக் கட்டையில் சப்பாத்தைப் பூட்டும் அமைப்பைச் செய்துகொண்டிருந்த லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம் 1984இல் அதைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அதில் மிதித்துத் தூர் த பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். அதன் பிறகு வார் போட்டுக் காலைக் கட்டும் பழைய பெடலைப் பந்தயக்காரர்கள் ஒவ்வொருவராகக் கைவிட்டார்கள்.

பந்தயம் ஓடும் வயதா எனக்கு? இல்லை. ஆனால் பண்ணைப் பாலத்தில் சோளகக் காற்று முகத்தில் அடிக்கும்போது பாட்டா இறப்பர்ச் செருப்பும் சாதாரண பெடலும் எவ்வளவு வீண் என்று தெரியும். கால் வழுக்கும், மிதிக்கிற பலத்தில் பாதி செருப்பின் இறப்பருக்குள்ளேயே போய்விடும். அதனால்தான் மச்சாளிடம் கேட்டேன். கொழும்பில் வாங்கலாமே என்று சிலர் சொன்னார்கள். 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்து, மே மாதத்துக்குள் 360 வரை ஏறிய பிறகு இறக்குமதிச் சாமானின் விலையைக் கேட்கவே பயம். அதோடு பெண்களின் சைஸ் கேட்டால், "ஓடர் பண்ணித்தான் எடுக்கவேணும் மிஸ்" என்ற பதில். ஓடர் பண்ணிப் போட்டுப் பார்க்காமல் வாங்குவதற்கு, மச்சாள் கழிவு விலையில் எடுத்துத் தருவது மேல் அல்லவா? அப்படித்தான் நினைத்தேன்.

பார்சல் வந்தது. வெள்ளை நிறம், பக்கத்தில் ஒரு குமிழ். அதைத் திருகினால் மெல்லிய கம்பி இறுகும், இழுத்துவிட்டால் தளரும். பெட்டியில் பெண்களுக்கானது என்று போட்டிருந்தது. போட்டுக்கொண்டு விறாந்தையில் நடந்தேன். பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "உதென்ன பிள்ளை, குதிரைக்கு லாடம் அடிச்ச மாதிரிச் சத்தம்?" என்றார். குதிகால் கச்சிதம். முன்பக்கம் கொஞ்சம் பிடித்தது. போடப் போட இளகும்.

முதல் வாரமே தட்டாதெருச் சந்தியில் விழுந்தேன். முன்னால் போன ஓட்டோ சட்டென்று நின்றது, காலைக் கழற்ற மறந்துவிட்டேன், அப்படியே வெட்டிய வாழை மாதிரிப் பக்கவாட்டில் சாய்ந்தேன். கிளீற் பழகுகிற எல்லோரும் ஒருமுறை இப்படி விழுவார்கள் என்று பிறகு சொன்னார்கள். அதில் எனக்குக் கவலையில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சரி.

கவலை வேறு இடத்தில் வந்தது. பண்ணை தாண்டி, வேலணை தாண்டி, புங்குடுதீவுக்குப் போகும் கடற்பாதையில் ஏறியதும் இடது காலின் சின்ன விரல் சுடத் தொடங்கும். முதலில் சூடு. அப்புறம் ஊசி குத்துவது. அப்புறம் ஒன்றுமே இல்லை, விரல் இருக்கிறதா என்றே தெரியாது. குறிகாட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுக்குப் படகு பார்த்து நிற்கிற சனத்துக்கு நடுவே குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றி, காலை இரண்டு கையாலும் பிசைவேன். தேத்தண்ணி குடித்துவிட்டு மற்றவர்கள் புறப்படும்போது மறுபடி மாட்டுவேன். போய்வர 60 கிலோமீற்றரை ஒட்டி வரும். நிமிடத்துக்கு 80 மிதி என்று வைத்தால் இரண்டரை மணி நேரத்தில் 12,000 மிதி. ஒவ்வொரு மிதியிலும் அந்த விரலில் ஒரு நெரிப்பு.

எங்களூர் மட்டமான தரை என்பதில் ஒரு துன்பம் இருக்கிறது. மலைநாட்டில் ஏறுகிறவர்கள் இறக்கத்தில் காலை ஆறவிடலாம். இங்கே இறக்கமே இல்லை. இருக்கையில் குந்திய நேரத்திலிருந்து இறங்கும்வரை மிதிதான். அதுவும் வெயிலில். வெயிலில் கால் வீங்கும். விடிய 5 மணிக்குப் பிடிக்காத சப்பாத்து 8 மணிக்குப் பிடிக்கும். இதையெல்லாம் பிறகுதான் யோசித்தேன். அந்த நாட்களில் நான் செய்ததெல்லாம், குமிழைத் தளர்த்துவது. தளர்த்தினால் மேற்பக்கம்தான் தளரும், அடிப்பலகையின் அகலம் அப்படியே இருக்கும். சொக்ஸை மெல்லியதாக மாற்றினேன். சின்ன விரலில் பிளாஸ்டர் சுற்றினேன். ஒருநாள் நகம் கறுத்தது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் என்ன சொல்வார்கள் என்று தெரியும். பெரியம்மா நாற்பது வயதில் உந்தக் கூத்து ஏன் என்பார். குழுவில் இருக்கிற தம்பிமார், "அக்கா, பழகினாச் சரியாயிடும்" என்பார்கள்.

எட்டு மாதம் அப்படி ஓடினேன். இதை எழுதும்போதுதான் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

38 என்ற எண்

மச்சாள் கேட்ட ஒரே கேள்வி, "என்ன சைஸ்?" நான் சொன்ன ஒரே பதில், "38". அந்த 38 எங்கிருந்து வந்தது என்று பின்னால் யோசித்துப் பார்த்தேன். என் கலியாணத்துக்கு வாங்கிய செருப்பின் அடியில் இருந்த எண். அந்தச் செருப்பு முன்னால் திறந்தது, இரண்டு வார் மட்டும். விரல் எங்கே நீட்டிக்கொண்டிருந்தாலும் யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகள். பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது கால் நீளும், சிலருக்கு அது திரும்பிக் குறையாது. மூத்தவள் பிறந்த பிறகு பழைய செருப்புகள் எல்லாம் பிடிக்கத் தொடங்கியது ஞாபகம் இருக்கிறது, வீக்கம் என்று விட்டுவிட்டேன். வீக்கம் வற்றியது. கால் வற்றவில்லை.

எண்ணே ஒரு விசித்திரமான சாமான். ஐரோப்பிய முறையில் ஒரு சைஸ் என்பது ஒரு சென்ரிமீற்றரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6.7 மில்லிமீற்றர். பிரித்தானிய முறையில் ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒன்று, 8.5 மில்லிமீற்றர் அளவு. நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு வாங்கியது பிரித்தானிய எண், வெளிநாட்டிலிருந்து வருவது ஐரோப்பிய எண். இரண்டும் நேராகப் பொருந்துவதே இல்லை. சைக்கிள் சப்பாத்துக்காரர்களில் சிலர் இதைத் தெளிவாகப் போடுகிறார்கள். ஷிமானோ கம்பனியின் அட்டவணையில் 38 என்றால் 23.8 சென்ரிமீற்றர்க் கால், 39 என்றால் 24.5, 40 என்றால் 25.2. ஒரு அடிமட்டமும் சுவரும் இருந்தால் போதும், இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தை நான் எட்டு மாதம் செலவழிக்கவில்லை.

ஆனால் நீளம் மட்டுமா? எனக்குள் அதைவிட அலுப்புத் தந்த கேள்வி, 'பெண்களுக்கானது' என்பதன் அர்த்தம். பெட்டியில் போட்டிருந்ததே. பெண்ணுக்கென்று செய்த சப்பாத்து ஒரு பெண்ணின் காலை ஏன் கடிக்கிறது? வாசித்துப் பார்த்தபோது கதை இப்படிப் போனது. முன்பு பல கம்பனிகள் ஆண்களின் சப்பாத்தைச் சிறிசாக்கி, றோசாப்பூ நிறம் பூசி, பெண்களுடையது என்று விற்றன. பிறகு, பெண்ணின் கால் ஆணின் காலைச் சுருக்கியது அல்ல என்று ஒத்துக்கொண்டார்கள். ஒரே நீளமுள்ள கால்களை ஒப்பிட்டால் பெண்ணுக்குப் பொதுவாகக் குதிகால் ஒடுக்கம், மொத்தப் பருமன் குறைவு. அதற்கேற்ப அச்சை மாற்றினார்கள். நல்லதுதான். ஆனால் அச்சு முழுவதையும் ஒடுக்கினால் முன்பாதமும் சேர்ந்து ஒடுங்கிவிடுகிறது. குதிகால் ஒடுக்கமாகவும் முன்பாதம் விரிந்தும் இருக்கிற பெண் எங்கே போவாள்? அப்படி ஒருத்தி நான் என்பது அப்போது தெரியாது. தெரிந்தது கிணற்றடியில்.

கிணற்றடி

போன வருடம் ஐப்பசி மழை தொடங்கிய ஒரு ஞாயிறு. காரைநகர் கசூரினா வரை போய்த் திரும்பும்போது நல்ல மழை. சப்பாத்துக்குள் தண்ணீர், மணல், சேறு. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் எல்லாவற்றையும் கழற்றினேன். உள்ளே இருக்கும் மெத்தைத் தாளை இழுத்து எடுத்து, அலம்பி, கிணற்றுக்கட்டில் காயப்போட்டேன். நான் கால் கழுவிக்கொண்டு சீமெந்துத் தளத்தில் நாலு அடி நடந்தேன். மழை விட்டிருந்தது, தளம் காயத் தொடங்கியிருந்தது. என் ஈரக்கால் தடம் வரிசையாக விழுந்திருந்தது.

ஏன் செய்தேன் என்று தெரியாது. இடது காலின் மெத்தையை எடுத்து இடது காலின் தடத்துக்கு மேல் வைத்தேன்.

கருஞ்சாம்பல் நிற மெத்தை. அதன் இரண்டு பக்கத்தாலும் ஈரம் தெரிந்தது. பெருவிரல் பக்கம் ஒரு நூல் அளவு. மற்றப் பக்கம் சின்ன விரலின் தடம் முழுதாக வெளியே, பாதி அல்ல, முழுதாக, தனியாக ஒரு புளியங்கொட்டை மாதிரி. மேல் நுனியில் பெருவிரலின் உருண்டை மெத்தையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. குதிகாலில் மட்டும் எல்லாம் உள்ளே, இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம்கூட இருந்தது. மெத்தையைத் திருப்பிப் பார்த்தேன். எட்டு மாத வியர்வையில் விரல்களின் அச்சு அதில் பதிந்திருந்தது. நாலு விரல்தான் இருந்தது. ஐந்தாவது விரல் மெத்தையில் ஒருநாளும் நிற்கவே இல்லை. சப்பாத்தின் சுவரில் ஏறி, மடிந்து, அங்கேயே இருந்திருக்கிறது.

அம்மா குசினிக்குள்ளிருந்து வந்து, என்ன குனிந்து பார்க்கிறாய், ஏதும் துலைஞ்சு போச்சோ என்று கேட்டார். காட்டினேன். அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. இருபத்திரண்டு வருடம் சேலையைச் செருகிக்கொண்டு லேடீஸ் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்வந்தவர், காலில் பாட்டா. அவர் ஒன்றும் சொல்லாமல் வாளியிலிருந்த தண்ணீருக்குள் காலை விட்டு எடுத்து, என் தடத்துக்குப் பக்கத்தில் தன் காலைப் பதித்தார். அதே கால். அதே விசிறி. குதிகால் சின்னது, முன்னால் போகப் போக விரிந்து, விரலுக்கும் விரலுக்கும் இடையே வெளிச்சம். நடுவே மெத்தையை வைத்தால் யாரோ மூன்றாம் ஆளின் கால் மாதிரி இருந்தது.

"உது ஆற்ற காலை அளந்து செய்தது?" என்று கேட்டார் அம்மா.

"பொம்பிளையளுக்கெண்டு செய்தது அம்மா."

"ஓ. நாங்கள் பொம்பிளையள் இல்லைப்போல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார், "நான் தான் உனக்குச் சொன்னனான், இளகும் எண்டு." அவர் சொன்னது என் பதினோராவது வயதில். எனக்கு ஞாபகம் இருந்ததுபோல அவருக்கும் இருந்திருக்கிறது.

வெறுங்காலோடும் திறந்த செருப்போடும் வளர்ந்த கால் முன்பக்கம் விரியும், மூடிய சப்பாத்துக்குள் வளர்ந்த கால் ஒடுங்கும். இது பரம்பரை மட்டும் இல்லை, பழக்கமும்தான். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குள் செருப்பு இல்லை, கோயிலுக்குள் செருப்பு இல்லை, மற்ற நேரமெல்லாம் பாட்டா. 1995 ஒக்ரோபர் 30 இரவு போருக்குப் பயந்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது என் காலில் இருந்ததும் பாட்டாதான். பின்னேர மழைச் சேற்றில் வார் கழன்று, அடியில் ஊசி குத்திப் பூட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தேன். அந்தக் கால்களை ஒரு ஐரோப்பிய அச்சுக்குள் விட்டுவிட்டு, கால்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தோல் சப்பாத்து இளகும். அம்மா சொன்னது பொய் இல்லை. தோல் ஈரத்தில், சூட்டில், நடையில் விரிந்து கொடுக்கும். கன்வஸும் கொஞ்சம் கொடுக்கும். ஆனால் சைக்கிள் சப்பாத்தின் மேல் துணி செயற்கை, அது இழுபடாது. அடி பலகை, அது இழுபடவே கூடாது, இழுபட்டால் அதை வாங்கியதில் பிரயோசனமில்லை. அதற்குள் நடப்பதும் இல்லை, கால் மடங்குவதும் இல்லை. வாங்கிய அன்றைக்கு எப்படியோ அப்படியே கடைசி வரைக்கும். முதல் நாளே சரியாக இருக்கவேண்டிய சாமான் அது.

காகிதம் ரொறன்ரோ போனது

அன்று பின்னேரமே அளந்தேன். பின்னேரம் என்பது முக்கியம், காலையில் கால் ஒரு அளவு, நாள் முழுக்க நின்ற பிறகு ஒரு அளவு. சுவரோடு குதிகாலை ஒட்டி, பேப்பரில் நின்று, அம்மா பென்சிலை நிமிர்த்திப் பிடித்துச் சுற்றிக் கீறினார். பென்சில் சரிந்தால் அளவு பிழைக்கும், அதனால் இரண்டு தரம். இடது 24.1, வலது 24.4. முன்பாதம் விரிந்த இடத்தில் 10.1. குதிகால் 6.1. இரண்டு காலும் ஒரே அளவில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரியும். பெரிய காலுக்குத்தான் வாங்கவேண்டும், சின்னக் காலை மெத்தையால் சரிக்கட்டலாம். படம் பிடித்து வட்ஸ்அப்பில் மச்சாளுக்கு அனுப்பினேன்.

மச்சாளுக்குக் கோபம். "அப்பவே அளந்து சொல்லியிருக்கலாமே, நான் அங்கை கடையிலை நிண்டு எத்தினை கதைச்சனான்" என்று. நியாயம்தான். ஆனாலும் அந்த ஆள் நல்லவள். படத்தை அதே அளவில் அச்சடித்து வெட்டி, கையில் கொண்டுபோனாள். கடையில் ஒவ்வொரு சப்பாத்தினதும் மெத்தையை இழுத்து எடுத்து என் காகிதக் காலுக்கு மேல் வைத்துப் பார்த்தாளாம். கடைக்காரப் பெடியன் முதலில் முழித்துவிட்டு, பிறகு தானும் குந்தியிருந்து உதவினானாம். பெண்களின் பக்கத்தில் எதுவும் பொருந்தவில்லை. ஆண்களின் பக்கத்தில் 'அகலம்' என்று தனியாக வருகிற ஒரு சோடி, 39, காகிதம் முழுதாக உள்ளே இருந்தது. நிறம் கறுப்பு. விறைப்பு முந்தியதைவிடக் குறைவு, அடி நைலோன். காபன் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். ஐம்பத்திரண்டு கிலோ எடையில் நான் மிதிக்கிற மிதிக்குக் காபன் வளைந்தால் என்ன, நைலோன் வளைந்தால் என்ன.

வந்து போட்டதும் விரல்கள் ஐந்தும் அசைந்தன. பெருவிரலுக்கு முன்னால் ஐந்தாறு மில்லிமீற்றர். ஓட்டப் பயிற்சிச் சப்பாத்து மாதிரி ஒரு பெருவிரல் அகலம் விடத் தேவையில்லை, கால் மடங்காது என்பதால் முன்னுக்கு ஓடாது. ஆனால் நான் பயந்த மாதிரியே, குதிகால் தூக்கியது. பெடலை மேலே இழுக்கும்போது குதி அரைவிரல் எழும்பி இறங்கும். ஆணின் அச்சு, ஆணின் குதி. பெண்களின் சப்பாத்தில் அவர்கள் சரியாகச் செய்திருந்த ஒரே இடம் இங்கே பிழை. இரண்டையும் வெட்டி ஒட்டத்தான் மனம் வந்தது. கடைசியில், உள்ளே குதிகாலின் இரண்டு பக்கமும் ஒட்டுகிற சின்னப் பஞ்சுத் துண்டுகள் வாங்கி ஒட்டினேன். குமிழ் இரண்டு இருந்தது உதவியது. மேல் குமிழை இறுக்கி, கீழ்க் குமிழைத் தளரவிட்டேன். முழுக்கச் சரியா என்றால், முக்கால்வாசி. இன்னும் எங்கேயோ என் காலுக்கான அச்சு ஒருவரும் செதுக்காமல் கிடக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

கிளீற் பற்றியும் சொல்லவேண்டும், இல்லையென்றால் பாதிக் கதை. சப்பாத்து சரியாக இருந்தும் கிளீற் பிழையான இடத்தில் இருந்தால் கால் சுடும். பெருவிரலின் மூட்டும் சின்ன விரலின் மூட்டும் சப்பாத்துக்கு வெளியே கையால் தடவினால் தெரியும். இரண்டுக்கும் ஒட்டுத்துண்டு ஒட்டி, அவற்றுக்கு நடுவில் பெடலின் அச்சு வருகிற மாதிரிப் பூட்டுவது வழக்கம். நான் இன்னும் ஒரு ஐந்து மில்லிமீற்றர் பின்னுக்குத் தள்ளினேன். விரல் எலும்புகளின் தலைகளுக்கு நடுவே ஓடுகிற நரம்புகளில் பாரம் குறைந்தது. பழைய சோடியில் இருந்தது சிவப்பு நிறக் கிளீற். ஷிமானோவின் மூன்று திருகாணிக் கிளீற்றில் சிவப்பென்றால் குதிகால் துளியும் அசையாது, நீலம் 2 பாகை, மஞ்சள் 6 பாகை. பழைய பெடலோடு இனாமாக வந்ததை நிறம் வடிவாக இருக்கிறது என்று பூட்டியிருந்தேன்! முழங்கால் உள்பக்கம் நொந்ததற்கு வயதைக் குற்றம் சொன்னேன்.

இப்போது இரண்டு திருகாணிக் கிளீற்றுக்கு மாறிவிட்டேன். சின்ன இரும்புத் துண்டு, அடிக்குள் புதைந்திருக்கும், நடக்கலாம். பந்தயக்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். மிதிக்கிற பரப்புச் சிறிது என்பார்கள், அது உண்மையும்தான். ஆனால் நாங்கள் ஓடுகிற இடத்தைப் பாருங்கள். வல்லிபுரத்தில் இறங்கினால் மணல், மூன்று திருகாணிப் பிளாஸ்டிக் கட்டைக்குள் மணல் போனால் பிறகு பெடலில் மாட்டாது. கீரிமலையில் கல். ஒவ்வொரு தேத்தண்ணிக் கடையிலும் இரண்டு படி. லாடம் அடித்த மாதிரி எத்தனை நாள் நடப்பது? அன்ரி இப்போது வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பதில்லை, நான் வருவது அவருக்குக் கேட்பதில்லை.

மாசி மாதம் மறுபடி குறிகாட்டுவான் போனோம். இறங்குதுறையில் நான் சப்பாத்தைக் கழற்றவில்லை. தேத்தண்ணி குடித்து முடித்து, மற்றவர்கள் எழும்பிய பிறகுதான் அது எனக்கே உறைத்தது.

வெள்ளைச் சோடி கொஞ்ச நாள் அலுமாரிக்கு மேல் இருந்தது. போன மாதம் குழுவின் இளையவள் கேட்டாள், "அக்கா, எனக்கும் ஒரு சப்பாத்து எடுக்கவேணும், 38 எண்டு சொல்லட்டோ?" பின்னேரம் வீட்டுக்கு வா, பேப்பரில் நில் என்றேன். அம்மா பென்சிலோடு தயாராக இருந்தார், அதில் இப்போது அவருக்கு ஒரு ருசி. கீறி முடித்து அளந்தால் 23.6. நீளமான, மெல்லிய, ஆற்று மீன் மாதிரிக் கால், விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி. அவளும் இதே ஊர்தான், இதே பாட்டாதான். அம்மா பேப்பரையும் பார்த்தார், அலுமாரியையும் பார்த்தார். நான் ஏறி எடுத்துக் கொடுத்தேன். மெத்தையை இழுத்துக் காகிதத்தில் வைத்தோம். ஒரு நூல் வெளியே இல்லை. சிவப்புக் கிளீற்றைக் கழற்றிவிட்டு மஞ்சள் பூட்டிக் கொடுத்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பண்ணைப் பாலத்தில் காற்று எதிரே வரும்போது அவள் எனக்கு முன்னால் போகிறாள். அந்த வெள்ளைச் சப்பாத்து மேலும் கீழுமாகப் போவதைப் பார்த்துக்கொண்டு, அவள் முதுகின் மறைவில் நான் மிதிக்கிறேன்.